கப்பல் மோதினால் நஷ்டம் யார் கணக்கில்?

2017 ஜனவரி 28. வர்தா புயலில் சாய்ந்த மரங்கள் எங்கள் கேளம்பாக்கம் தெருவில் இன்னும் கிடந்தன. அன்று விடியுமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. வெளியே வந்தது 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பல். ஐல் ஆஃப் மேன் கொடி. உள்ளே போனது 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பல், இந்தியக் கொடி. கசிவே இல்லை என்றுதான் முதலில் துறைமுகத் தரப்பில் சொன்னார்கள். பிறகு இளைஞர்கள் வாளி வாளியாகக் கரிய எண்ணெயை அள்ளியதை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அது தெற்கே நம் காஞ்சிபுரம் மாவட்டக் கரை வரை வந்தது. (செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான்.)

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை அப்படியே திருப்பிக்கொண்டு போனார். "மீன்ல எண்ணெய்னு யாருமே வாங்கல சார். கப்பல்காரன் குடுப்பானா?" என்று கேட்டார். பாரிமுனைப் பக்கம் கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பதில் தெரியும், சொல்லத்தான் தயக்கம். கொடுப்பான், ஆனால் ஓர் உச்சவரம்பு வரைதான்.

லாரி மோதினால் நஷ்டம் முழுவதையும் கேட்கலாம். கப்பலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 1734-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கப்பலில் வந்த போர்ச்சுகீசியத் தங்கத்தை மாலுமித் தலைவனே சுருட்டிவிட்டான். முதலாளிகள் பயந்துபோய் நாடாளுமன்றத்தில் முறையிட, 'கப்பல் மதிப்பும் சரக்குக் கூலியும் எவ்வளவோ அவ்வளவுதான் பொறுப்பு' என்று சட்டம் வந்தது. கண்காணாத கடலில் இன்னொருவன் செய்யும் தவறுக்குச் சொத்தெல்லாம் போகுமென்றால் யார் கப்பல் வாங்குவார்கள் என்பது வாதம். 1813-ல் அது மோதலுக்கும் நீண்டது. பிறகு டன்னுக்கு இவ்வளவு பவுன் என்று கணக்கு வைத்தார்கள்.

அமெரிக்காவின் 1851 சட்டம் வேறு மாதிரி. விபத்துக்குப் பின் மிஞ்சிய மதிப்புதான் வரம்பு. டைட்டானிக் பிரிட்டிஷ் கப்பல். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி வரம்பு கேட்கலாம் என்று 1914-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மிஞ்சிய உயிர்ப்படகுகள், பயணக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 92,000 டாலர்! கடைசியில் 6,64,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

ஊருக்கு ஊர் வரம்பு மாறினால், வக்கீல்கள் ஊரைத் தேடுவார்கள். 1996-ல் சிங்கப்பூர் நீரிணையில் இரண்டு கப்பல்கள் மோதின. சிங்கப்பூர் அப்போது 1957 உடன்படிக்கையில் இருந்தது. இங்கிலாந்து 1976 உடன்படிக்கைக்கு மாறிவிட்டது. சிங்கப்பூர் வரம்பு இங்கிலாந்து வரம்பில் சுமார் பாதி. நஷ்டப்பட்டவர் லண்டனுக்கு ஓடினார். மோதல் நடந்த இடம் சிங்கப்பூர், வழக்கும் அங்கேதான் என்று 1998-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுப்பிவிட்டது.

இந்தியாவும் 1976 உடன்படிக்கையிலும், தொகையை உயர்த்திய அதன் 1996 திருத்தத்திலும் சேர்ந்திருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்குத் தனி உடன்படிக்கைகள் உண்டு. அவற்றிலும் உச்சவரம்பு உண்டு. வேண்டுமென்றோ, நஷ்டம் வரும் என்று தெரிந்தே துணிந்தோ முதலாளியே செய்தார் என்று நிரூபித்தால்தான் வரம்பு உடையும். அது லேசான காரியம் இல்லை. கேட்ட தொகைகள் வரம்பை மீறினால், நிரூபித்தவர்களுக்குள் விகிதப்படி பங்கு.

'நிரூபித்தவர்' என்ற சொல்லில்தான் அந்த அம்மா நின்றுவிடுகிறார். கரையில் ஏலம் எடுக்கும் மீனுக்கு ரசீது ஏது? விற்காத கூடைக்குச் சாட்சி யார்?

"தினம் எவ்வளவுக்கு எடுத்தீங்க, எவ்வளவுக்கு வித்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்கம்மா" என்றேன். முப்பது வருஷ அனுபவத்தில் என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். "போன மாசத்துக்கு எப்படி சார் எழுதறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் வருகிறார். கூடையில் பனையோலைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கையெழுத்து அவர் பேத்தியுடையது.