வட்டம் ஏன் முட்டையாகிறது?

பழைய கணிப்பொறி ஒன்றுடன் புதிய அகலத் திரையை இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரை ஒளிர்கிறது, படமும் வருகிறது. ஆனால் வட்டமாக இருக்க வேண்டிய கடிகார முகம், படுக்க வைத்த முட்டையைப் போல் இருபுறமும் நீண்டு தெரிகிறது. எழுத்துகள் பருத்து, விளிம்பு மங்கி நிற்கின்றன. பழுது திரையிலா? அல்லது படத்தை அனுப்பும் வரைகலை அட்டையிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் ஒன்றையொன்று சரியாக அறிந்துகொள்ளவில்லை, அவ்வளவே. இதை அறியாமல் நல்ல திரையைக் கடைக்குத் திருப்பி அனுப்புவோர் உண்டு. இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணிப்பொறியைப் பழைய சாமானோடு சேர்த்துவிடுவோரும் உண்டு. அந்த இழப்பைத் தவிர்க்க வேண்டுமானால், திரையின் வடிவம் எப்படி வந்தது என்ற வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

நான்குக்கு மூன்று

1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் என்பவர், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு படமும் 4 பங்கு அகலமும் 3 பங்கு உயரமும் கொண்டிருந்தது. பின்னர் வந்த தொலைக்காட்சியும் இந்த 4:3 வடிவத்தையே ஏற்றது. தொலைக்காட்சிக் குழாயைக் கடன் வாங்கிய கணிப்பொறிக்கும் அதுவே பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியுடன் அளித்த சி.ஜி.ஏ. என்னும் வண்ண அட்டை, நான்கு நிறங்களில் 320 × 200 புள்ளிகளைக் காட்டியது. அதன் நினைவகம் 16 கிலோபைட்டு மட்டுமே. இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். 320-க்கு 200 என்பது 4:3 அன்று, அது 16:10. அதை 4:3 திரையில் நிரப்பியபோது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்காயிற்று. ஆகவே வட்டம் வரைய விரும்பிய நிரலர், கணக்கில் ஒரு திருத்தம் செய்துதான் வரைய வேண்டியிருந்தது. வட்டம் முட்டையாகும் தொல்லை அகலத் திரையோடு பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

1987-இல் வெளிவந்த வி.ஜி.ஏ. இதைத் தீர்த்தது. அதன் 640 × 480 என்னும் அளவு சரியாக 4:3 ஆகும். எனவே புள்ளிகள் சதுரமாயின. அதன் பின் பரவிய 800 × 600, 1024 × 768 ஆகியவையும் 4:3 அளவுகளே. 1280 × 1024 மட்டும் 5:4. அட்டைகளுக்குப் பொதுவான விதிகளை வகுத்த வெசா என்னும் தர அமைப்பு, 1989-இல் தொடங்கி, இந்த அளவுகளுக்கெல்லாம் பொது எண்கள் கொடுத்துப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் அகலத் திரைக்கு இடமில்லை. அன்று அதன் தேவையும் இல்லை.

திரை அகன்ற கதை

திரைப்படத் துறை அதற்கு முன்பே வேறு வழியில் சென்றிருந்தது. வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சியோடு போட்டியிட, 1953-இல் சினிமாஸ்கோப் வந்தது. அதன் படம் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலம். 1980-களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு வடிவம் தேடியபோது, பழைய 1.33 முதல் புதிய 2.35 வரை பல விகிதங்கள் வழக்கில் இருந்தன. கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், சம பரப்புள்ள செவ்வகங்களாக அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, 16:9 என்பதைப் பரிந்துரைத்தார். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 1.33-ஐ 2.35-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 1.77 வரும். 16-ஐ 9-ஆல் வகுத்தால் 1.78. இரு எல்லைகளுக்கும் நடுவே நிற்கும் சமரசம் இது.

கணிப்பொறிக்கு அகலம் மெல்ல மெல்லவே வந்தது. 1998-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1600 × 1024 புள்ளிகள் கொண்ட தட்டைத் திரையை வெளியிட்டது. படத்தின் தரம் உயர்ந்தது. ஆனால் அதன் இணைப்பு முறை புதிது என்பதால் மிகச் சில அட்டைகளோடுதான் அது வேலை செய்தது. 2000-களின் நடுவில் 1440 × 900, 1680 × 1050 அளவுத் திரைகள் சாதாரண மேசைகளுக்கும் வந்தன. தொல்லையும் அவற்றோடு வந்தது.

காரணம் என்ன? பழைய எதிர்மின் கதிர்க் குழாயில் படத்தை வரைவது ஓடும் கதிர். 480 வரி கேட்டாலும் 768 வரி கேட்டாலும், தன் எல்லைக்குள் அது வளைந்துகொடுக்கும். திரவப் படிகத் திரை அப்படியன்று. 1440 × 900 திரையில் 12,96,000 புள்ளிகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டுள்ளன. அதற்கு 1024 × 768 படத்தை அனுப்பினால், அகலத்தை 1.41 மடங்கும் உயரத்தை 1.17 மடங்கும் இழுத்தால்தான் திரை நிரம்பும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள வட்டம் 12 சென்டிமீட்டர் அகலமாகிவிடும். ஒரு புள்ளியை ஒன்றேகால், ஒன்றரை என்று பங்கிட முடியாதாகையால் எழுத்தும் மங்கும்.

128 பைட்டு அறிமுகச் சீட்டு

திரை தன் அளவை அட்டைக்குச் சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை அல்லவா? அந்த ஏற்பாடு 1994-இல் வந்தது. அதன் பெயர் ஈ.டி.ஐ.டி. திரைக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் 128 பைட்டு நீளமுள்ள ஓர் அறிமுகச் சீட்டு பதிந்திருக்கும். செய்த நிறுவனம், செய்த ஆண்டு, ஏற்கும் அளவுகள் ஆகியவை அதில் அடங்கும். வி.ஜி.ஏ. இணைப்பியின் 15 ஊசிகளுள் 12-ஆவதும் 15-ஆவதும் இந்தச் செய்தியை எடுத்துச் செல்கின்றன. சீட்டில் பிழை நேர்ந்ததா என்று அறியவும் வழியுண்டு: 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

அந்த இரு ஊசிகளுக்கான கம்பி கேபிளில் இல்லாவிட்டாலோ, அறுந்திருந்தாலோ சீட்டு போய்ச் சேராது. ஆனால் நிறங்களைச் சுமக்கும் கம்பிகள் வேறு என்பதால் படம் மட்டும் வரும். எதிரே இருப்பது எத்தகைய திரை என்று அறியாத அட்டை, எதற்கும் தீங்கில்லாத பழைய 800 × 600, 1024 × 768 அளவுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். டிக்சனின் 4:3 இப்படித்தான் இன்றும் தலைகாட்டுகிறது!

சீட்டு சேர்ந்தாலும் வேறொரு வம்பு உண்டு. அதன் சுருக்கப் பட்டியலில் அகலத்தை 8-இன் மடங்காகத்தான் குறிக்க முடியும். 768 வரியுள்ள 16:9 திரைக்கு 1365.33 புள்ளி வேண்டும் என்பதால் 1366 என்று வைத்தார்கள். 1366 எட்டால் வகுபடாது! ஆகவே பல கணிப்பொறிகள் 1360 அல்லது 1368 என்று காட்டின. படத்தின் ஓரத்தில் சில புள்ளிகள் விடுபட்டோ மிகுந்தோ நிற்பதற்கு இந்தச் சின்னஞ்சிறு வகுத்தல் கணக்கே காரணம்.

அட்டையின் பயாஸ் நிரலிலேயே அகல அளவு இல்லாத நிலையும் இருந்தது. இன்டெல் 915 போன்ற சில்லுகளை லினக்சில் பயன்படுத்தியோர், அதற்காக ‘915ரெசல்யூஷன்’ என்னும் சிறு நிரலைக் கையாண்டனர். அது நினைவகத்திலுள்ள பயாஸ் நகலில் ஓர் அளவை அழித்து, வேண்டிய அகல அளவை அங்கே எழுதும். மின்சாரத்தை நிறுத்தினால் அந்தத் திருத்தம் மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுத வேண்டும். பயாஸ் பட்டியலை நம்பாத புதிய இயக்கி மென்பொருள் 2007-இல் வந்த பின்னரே இந்தச் சிரமம் நீங்கியது.

கதிர் போன பின்னும் காத்திருத்தல்

இன்னொரு பழைய வழக்கத்தையும் பாருங்கள். குழாயில் ஒரு வரியை வரைந்து முடித்த கதிர், இடப்பக்கம் திரும்பிவரச் சிறிது நேரம் தேவை. அதற்காக அட்டை காத்திருக்கும். திரவப் படிகத் திரையில் கதிரே இல்லை. ஆயினும் காத்திருக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1920 × 1200 படத்தைப் பழைய முறைப்படி நொடிக்கு 60 தடவை அனுப்ப 193 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 1999-இல் வந்த டி.வி.ஐ. ஒற்றை இணைப்பு தாங்குவதோ 165 மட்டுமே. 2003-இல் வெசா அந்தக் காத்திருப்பைக் குறைக்க வகை செய்தது. தேவை 154-ஆகக் குறைந்தது. அதே கேபிள் போதுமானதாயிற்று.

நீங்கள் செய்யவேண்டியது

முதலில், திரையின் இயல்பான அளவு என்ன என்று அதன் கையேட்டில் பாருங்கள். கணிப்பொறியின் அமைப்பில் அதே அளவு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

அந்த அளவு பட்டியலிலேயே இல்லையென்றால், அட்டைக்குரிய இயக்கி மென்பொருளை நிறுவுங்கள். அது இல்லாதபோது கணிப்பொறி ஓர் அடிப்படை இயக்கியைக் கொண்டு, சில பொது அளவுகளை மட்டுமே காட்டக்கூடும்.

அடுத்து, கேபிளை மாற்றிப் பாருங்கள். இடையில் பிரிப்பானோ மாற்றியோ இருந்தால் அதை நீக்கிவிட்டு நேராக இணையுங்கள். சீட்டு தொலையும் இடம் பல நேரங்களில் இதுவே. அப்போதும் சரியாகாவிட்டால், அளவை நீங்களே எழுதிச் சேர்க்கும் வசதி பல இயக்கிகளில் உண்டு. அப்படிச் சேர்க்கும்போது, திரையின் கையேடு அனுமதிக்கும் எல்லையை மீறாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்படுகின்றனவா? தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துவோர் இதைக் காணலாம். குழாய்க் காலத்தில் ஒழுங்கற்ற ஓரத்தை மறைக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டினார்கள்; அந்தப் பழக்கத்தின் எச்சம் இது. பெட்டியின் பட அமைப்பில் இதனை நிறுத்தலாம்.

ஆக, முட்டை வடிவான வட்டம் 1890-களைக் காட்டுகிறது. வெட்டுப்பட்ட ஓரம் குழாய்க் காலத்தைக் காட்டுகிறது. 1366 என்னும் எண் 1994-ஐக் காட்டுகிறது. உங்கள் மேசைமேல் உள்ள கருவிகள் வெவ்வேறு காலத்தின் விதிகளைச் சுமந்து நிற்கின்றன. அவை முரண்படும் இடத்தைக் கண்டுகொண்டால், கருவியைத் தூக்கி எறியாமலே வட்டத்தை மீண்டும் வட்டமாக்கிவிடலாம்.