சிறுநீர்க் கசிவு, மகளிர்க்குறுவது

இருமும்போதோ, தும்மும்போதோ, நீர் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போதோ தம் வசமின்றிச் சிறுநீர் கசிவது, பிரசவத்தாலும் வயோதிகத்தாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதனால் ஸ்திரீகளுக்கு உண்டாகும் உபாதையாகும்; லஜ்ஜையினால் இதனை வைத்தியரிடமும் மறைத்துப் பல்லாண்டுகள் துன்புறுவோர் அநேகர் என்பது மிகவும் வருந்தத்தக்கது. அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல், அத்தசைகளைப் பயிற்சியினாலேயே வலுப்படுத்தலாமென்று 1948-இல் விளக்கினார். சிறுநீரை அடக்குவதுபோல் அவற்றை மேலிழுத்து, மூச்சை நிறுத்தாமல், சில விநாடிகள் இறுக்கிப் பின் தளர்த்துவதை, வேளைக்கு எட்டு முறையாகத் தினந்தோறும் மூன்று வேளை, மூன்று மாதமேனும் விடாது செய்தல் வேண்டும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தல் தகாது; செறிந்த சிறுநீரானது சிறுநீர்ப்பையை உறுத்தும். அடக்கவொண்ணாத அவசரத்துடன் நேரும் கசிவு வேறு வகை. கழிக்கும் இடைவேளையைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகுதலும், வேண்டின் மருந்தும் அதற்கு உதவும்.