கரை ஒதுங்கினவங்க கத்துக்கொடுத்த இங்கிலீஷ்

1853 ஜூலை. அமெரிக்கக் கடற்படைக்காரர் பெரி நாலு கப்பலோட ஜப்பான்ல உராகா பக்கம் வந்து நங்கூரம் போடுறார். எடோவுக்கு (இன்னைக்கு டோக்கியோ) போற கடல்வழியோட வாசல் அது. அதுல ரெண்டு கப்பல் நீராவியில ஓடுறது. கரையில இருக்கிறவங்க அது மாதிரி பார்த்ததே இல்லை. ஊரே கிடுகிடுத்துப் போச்சு. சின்னப் படகுகள்ல காவல்காரங்க போய்ச் சூழ்ந்துக்கிட்டாங்க. அதுல ஒரு படகுல ஹோரி தட்சுனோசுகேன்னு ஒரு மொழிபெயர்ப்பாளர். கப்பலை அண்ணாந்து பார்த்து நல்ல இங்கிலீஷ்ல ஒரே ஒரு வாக்கியம் கத்தினார். என்ன வாக்கியம் தெரியுமா? தனக்கு டச்சு பேச வரும்னு!

சிரிப்பா இருக்கில்ல? அந்த ஒரு வாக்கியத்தோட அவர் கைவசம் இருந்த இங்கிலீஷ் அநேகமா தீர்ந்துபோச்சுன்னு அமெரிக்கக்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் கப்பல்ல இருந்த போர்ட்மன் என்கிற டச்சுக்காரர்தான் பேச்சைத் தொடர்ந்தார். ரெண்டு நாட்டோட தலையெழுத்தும் மூணாவது நாட்டு பாஷையில எழுதப்பட்டது.

"இங்கிலீஷ் பேசுவது எப்படி" புத்தகங்கள்னா நமக்கெல்லாம் ஒரு இளக்காரம் உண்டு. பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கும், 'ஹவ் ஆர் யூ'ன்னு தமிழ்லயே உச்சரிப்பு போட்டிருக்கும், வாங்கினவன் மூணாம் நாள் மறந்துடுவான். ஜப்பான்ல இந்த மாதிரி புத்தகம் வந்த கதையைப் படிச்சப்புறம் எனக்கு அந்த இளக்காரம் போயிடுச்சு. வணக்கம் சொல்றதும் இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்குறதும் அங்கே உயிர் போகிற விவகாரமா இருந்திருக்கு.

முதல்ல டச்சு எப்படி வந்ததுன்னு சுருக்கமா. 1630கள்ல ஜப்பான் கதவை இழுத்துச் சாத்திடுச்சு. 1635 ஆணைப்படி ஜப்பான்காரன் வெளிநாடு போகக்கூடாது, போய்த் திரும்பி வந்தா மரண தண்டனை. ஐரோப்பியர்கள்ல டச்சுக்காரங்களுக்கு மட்டும் அனுமதி. 1641லேர்ந்து நாகசாகியில தெஜிமாங்கிற குட்டித் தீவுக்குள்ள அடைச்சு வச்சு வியாபாரம் பண்ணாங்க. அதனால நாகசாகியில அப்பன், மகன், பேரன்னு பரம்பரையா டச்சு மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் இருந்தது.

1808ல ஃபீட்டன்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல் டச்சுக்கொடியைக் கட்டிக்கிட்டு நாகசாகிக்குள்ள நுழைஞ்சு, டச்சுக்காரங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தண்ணியும் சாப்பாடும் மிரட்டி வாங்கிட்டுப் போயிடுச்சு. மானம் போச்சேன்னு நாகசாகி ஆளுநர் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு செத்தார். அடுத்த வருஷமே உத்தரவு: மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் இங்கிலீஷ் கத்துக்கணும். சரி, வாத்தியார்? ப்ளோம்ஹாஃப்னு ஒரு டச்சுக்காரர். 1814ல சுமார் ஆறாயிரம் வார்த்தையோட ஒரு அகராதியும் தயாராச்சு. பெரிய உழைப்புதான், குறை சொல்லலை. ஆனா உச்சரிப்பெல்லாம் டச்சு வாடை. இங்கிலீஷைத் தாய்மொழியா பேசுறவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை கேட்காமலே நாற்பது வருஷம் ஓடிப்போச்சு.

1848ல ஒருத்தர் வந்தார். வந்தார்னா... வேணும்னே வந்து விழுந்தார். பேரு ரானால்ட் மெக்டொனால்ட் (பர்கர் கடை கோமாளி இல்லீங்க, அது வேற!). 1824ல வட அமெரிக்காவோட மேற்குக் கரையில பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா சினூக் பழங்குடித் தலைவரோட மகள். கனடாவுல பேங்க்ல குமாஸ்தாவா உட்கார வச்சாங்க, பிடிக்கலை. திமிங்கிலம் பிடிக்கிற கப்பல்ல ஏறி, ஜப்பானோட வடகோடிக்குப் பக்கத்துல வந்ததும் "ஒரு சின்னப் படகு கொடுங்க, நான் இறங்கிக்கிறேன்"னு இறங்கிட்டார். கப்பல் உடைஞ்சு வந்தவன்னு நம்பணுமேன்னு படகைத் தானே கவிழ்த்தும் பார்த்தாராம்.

அங்கே ஐனு மக்கள்கிட்ட கரை ஒதுங்கி, கைதாகி, நாகசாகிக்கு வந்து சேர்ந்தார். ஒரு கோயிலை ஒட்டின வீட்டுல மரக்கம்பிக்குப் பின்னாடி சிறை. அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் பதினாலு மொழிபெயர்ப்பாளர்கள் வந்து உட்கார்ந்தாங்க. ஒவ்வொருத்தரா இங்கிலீஷ்ல வாசிக்கணும், இவர் உச்சரிப்பைத் திருத்தணும். 'ல'வும் 'ர'வும் ஒரே சத்தமா வர்ற பாஷைக்காரங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு இவர் பின்னாடி எழுதியிருக்கார். பதிலுக்கு அவங்க சொல்ற ஜப்பானிய வார்த்தைகளை இவர் எழுதி வச்சுக்கிட்டார். ஏழு மாசம் இப்படி. பள்ளிக்கூடமும் ஜெயிலும் ஒண்ணா இருந்த இடம் அதுவாத்தான் இருக்கும் (நம்ம ஊர்ல சில பள்ளிக்கூடத்தைச் சேர்க்காம சொல்றேன் :-)). 1849 ஏப்ரல்ல ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து மத்த மாலுமிகளோட இவரையும் கூட்டிக்கிட்டுப் போச்சு.

அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தர் மோரியாமா எய்னொசுகே. 1854ல பெரி ரெண்டாவது தடவை வந்தப்போ ஜப்பான் தரப்புல முக்கியமான மொழிபெயர்ப்பாளர் இவர்தான். அவர் இங்கிலீஷைக் கேட்டு அமெரிக்கக்காரங்க அசந்துட்டாங்க. அப்பவும் ஒப்பந்தப் பேச்சு நடந்தது டச்சுலயும் சீனத்துலயும்தான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதே நேரத்துல அதே எடோவுல, பத்து வருஷம் இங்கிலீஷ்லயே வாழ்ந்த ஒரு ஜப்பான்காரன் இருந்தான். அவனைப் பேச்சுவார்த்தை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே விடலை.

மாஞ்சிரோ. தோசா நாட்டுல ஒரு மீனவக் குடும்பத்துப் பையன். அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். 1841 ஜனவரியில, பதினாலு வயசுல, இன்னும் நாலு பேரோட மீன் பிடிக்கப் போய்ப் புயல்ல மாட்டிக்கிட்டான். படகு போய் முட்டினது தொரிஷிமாங்கிற வெறும் பாறைத்தீவு. பறவைக்கறியும் மழைத்தண்ணியுமா 143 நாள். அப்புறம் ஜான் ஹௌலண்டுன்னு ஒரு அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல் காப்பாத்திச்சு. ஜப்பானுக்குள்ள போக முடியாதே, அதனால மத்தவங்களை ஹவாயில இறக்கி விட்டாங்க. கேப்டன் விட்ஃபீல்டுக்குப் பையனைப் பிடிச்சுப்போய் மாசசூசெட்ஸ்ல ஃபேர்ஹேவன் ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டார். பள்ளிக்கூடத்துல சேர்த்தார். சர்ச்சுல தன் குடும்பத்தோட இந்தப் பையன் உட்காரக்கூடாதுன்னு சொன்னதும் கேப்டன் அந்தச் சர்ச்சையே விட்டுட்டு வேற சர்ச்சுக்கு மாறினார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

மாஞ்சிரோ அங்கே மாலுமிக் கணக்கு படிச்சான், பீப்பாய் செய்யக் கத்துக்கிட்டான், திமிங்கில வேட்டைக்குப் போனான். 1850ல கலிஃபோர்னியா தங்கச் சுரங்கத்துல சில மாசம் வேலை பார்த்து அறுநூறு டாலர் சேர்த்தான். எதுக்கு? ஊருக்குப் போக. திரும்பினா தலை போகும்னு தெரியும். அம்மா இருக்காங்களே. ஹவாய்ல இருந்த ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு, ஒரு படகை வாங்கிக் கப்பல்ல ஏத்தி, 1851ல ரியூக்யூ தீவு ஓரமா இறங்கினான். ரியூக்யூ, ககோஷிமா, நாகசாகின்னு விசாரணை மேல விசாரணை. கிறிஸ்தவன் இல்லைன்னு காட்ட சாமி படத்தைக் காலால மிதிக்கச் சொன்னாங்க. மிதிச்சான். ஒன்றரை வருஷம் கழிச்சு 1852ல அம்மா முன்னாடி போய் நின்னான். செத்துட்டான்னு நினைச்சு அவனுக்குக் கல்லறையே வச்சிருந்தாங்க.

பத்து வருஷத்துல அவனுக்குத் தாய்மொழியே தடுமாறிச்சு, எழுதப் படிக்க அதுக்கு முன்னாடியும் தெரியாது. தோசாவுல விசாரணைக் குறிப்பு எழுதின ஓவியர் கவாடா ஷோர்யோ, அவனைத் தன் வீட்டுலயே தங்க வச்சு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுத்துட்டு, பதிலுக்கு இங்கிலீஷ் கத்துக்கிட்டார். இந்தக் கதையிலேயே எனக்குப் பிடிச்ச காட்சி அதுதான்.

பெரி வந்ததும் மாஞ்சிரோவை எடோவுக்குக் கூப்பிட்டு, சாமுராய் அந்தஸ்தும் நகாஹாமாங்கிற குடும்பப் பேரும் கொடுத்தாங்க. ஆனா மீதோ நாட்டுப் பிரபு தொகுகாவா நாரியாகி ஒத்துக்கலை. அமெரிக்கக்காரன் சோறு போட்டு வளர்த்த பையன், அவங்க பக்கம் சாஞ்சிட்டா? அதனால 1854 பேச்சுவார்த்தையில அவருக்கு இடமில்லை. பாஷை நல்லா தெரிஞ்சதாலேயே சந்தேகம். எல்லையோரத்துல பிழைக்கிற மனுஷங்களுக்கு இது எப்பவும் நடக்கிறதுதான்.

1859ல அவர் பேர்ல ஒரு சின்னப் புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'ஆங்கில-அமெரிக்க உரையாடலுக்குக் குறுக்குவழி'. நம்ம பஸ் ஸ்டாண்டு கடையில அப்படியே தொங்கவிடலாம்! வணக்கம், நலம் விசாரிப்பு, பொழுது, பருவம்னு இருநூத்துச் சொச்சம் பேச்சு வாக்கியங்கள். பக்கத்துலயே கட்டக்கானா எழுத்துல உச்சரிப்பு. இங்கிலீஷ்ல வினைச்சொல் நடுவுல வரும், ஜப்பானியத்துல நம்ம தமிழ் மாதிரி கடைசியில. அதனால எந்த வார்த்தையை முதல்ல எடுத்து எதைப் பின்னாடி வச்சுப் படிக்கணும்னு குறி வேற போட்டிருக்கு. பழைய சீன நூல்களை ஜப்பானியத்துல வாசிக்கப் பண்டிதர்கள் வச்சிருந்த அதே குறி.

அந்த உச்சரிப்புதான் விசேஷம். எழுத்தைப் பார்த்து எழுதினது இல்லை, காதுல விழுந்ததை எழுதினது. சண்டேயை மாஞ்சிரோ 'சன்ரேய்'னு எழுதினார். நியூயார்க்கை 'நியூயோ'ன்னு விட்டுட்டார், கடைசி 'க்' காதுல விழலை போல. பார்க்கத் தப்பு மாதிரி இருக்கும். ஆனா அமெரிக்கன் ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாருங்க, புரியும். இன்னைக்கும் ஜப்பான்ல ஒரு ஜோக் உண்டு: 'ஹொத்த இமோ இஜிருனா'ன்னு வேகமா சொன்னா அமெரிக்கன் உடனே கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லுவானாம். இப்ப மணி என்னன்னு இங்கிலீஷ்ல கேட்ட மாதிரி அவன் காதுல விழும். நிஜ அர்த்தம், 'தோண்டின கிழங்கை நோண்டாதே'! இதை மாஞ்சிரோ தலையில ஏத்திச் சொல்றவங்களும் உண்டு.

அதே 1859ல ஃபுக்குசாவா யுகிச்சி யோகொஹாமாவுக்குப் போனார். பின்னாளில் பெரிய சிந்தனையாளர், பத்தாயிரம் யென் நோட்டுல 2024 வரைக்கும் புதுசா வெளியான முகம். ராத்திரி பகல்னு பார்க்காம வருஷக்கணக்கா டச்சு படிச்சவர். துறைமுகத்துல கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியலை, எல்லாம் இங்கிலீஷ். சோர்ந்து போனாலும் மறுநாளே இங்கிலீஷுக்கு வாத்தியார் தேட ஆரம்பிச்சார். யார்கிட்ட போனார்? நம்ம மோரியாமாகிட்ட! அவருக்கு அரசாங்க வேலையில மூச்சு விட நேரமில்லை. மாசக்கணக்கா நடையா நடந்தும் ஒண்ணும் நடக்கலை. கடைசியில கப்பல் உடைஞ்சு வெளிநாடு போய்த் திரும்பினவங்க எங்கேயாவது வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டா, அந்தச் சத்திரத்துக்கே போய் உச்சரிப்பு கேட்டுக்கிட்டார். பண்டிதர் மீனவன்கிட்ட பாடம் கேட்ட காலம். 1860ல கன்ரின் மாரு கப்பல்ல அவரும் மாஞ்சிரோவும் ஒண்ணா அமெரிக்கா போனாங்க. ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கிட்டு வந்தாங்க. அங்கே கிடைச்ச ஒரு சீன-ஆங்கில உரையாடல் கையேட்டுக்கு ஃபுக்குசாவா ஜப்பானிய உச்சரிப்பு சேர்த்து அதே வருஷம் வெளியிட்டார். அவரோட முதல் புத்தகமே இதுதான். ஜப்பானியத்துல 'வி' சத்தம் இல்லைன்னு, 'உ' எழுத்துக்கு மேல ரெண்டு கோடு போட்டு ஒரு புது எழுத்தைப் பயன்படுத்தினார். அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு.

மாஞ்சிரோ 1870ல ஃபேர்ஹேவன் போய் விட்ஃபீல்டைப் பார்த்துட்டு வந்தார். 1898ல காலமானார். மெக்டொனால்ட் ஜப்பானை மறுபடி பார்க்கவே இல்லை. 1894ல செத்தப்போ உறவுக்காரப் பெண் மடியில அவர் சொன்ன கடைசி வார்த்தை 'சயோனாரா'ன்னு சொல்றாங்க.

இன்னொரு தடவையும் கப்பல் வந்தது. 1945. போர்க்காலத்துல இங்கிலீஷ் எதிரி பாஷை. பேஸ்பால் ஆட்டத்துல 'ஸ்ட்ரைக்'னு சொல்லாம 'யோஷி'ன்னு சொல்லணும்னு வச்சிருந்தாங்க. ஆகஸ்ட் 15 மதியம் பேரரசர் ரேடியோவுல சரணடைஞ்சதை அறிவிச்சார். அதைக் கேட்ட உடனேயே ஒகாவா கிகுமாட்சுங்கிற பதிப்பாளருக்குத் தோணினது: இனிமே இங்கிலீஷ் பேச்சுப் புத்தகம் விக்கும். அக்டோபர் தொடக்கத்துலயே 32 பக்கத்துல 'ஜப்பான்-அமெரிக்க உரையாடல் கையேடு' கடைக்கு வந்தாச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ள 36 லட்சம் பிரதி போச்சுன்னு கணக்கு. வீடு எரிஞ்சு, சோத்துக்கு வரிசையில நின்ன ஜனங்க வாங்கினது. வியாபார மூளைன்னு சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. தெரு முனையில துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்ட முதல் வார்த்தை என்ன சொல்றதுங்கிற பயம் 36 லட்சம் வீட்டுல இருந்திருக்கு.

அதே ஆகஸ்ட்ல பேரரசர் அறிவிப்பை வெளிநாட்டு ஒலிபரப்புல இங்கிலீஷ்ல வாசிச்சவர் ஹிராகாவா தடாய்ச்சி. அவரும் கடல் தாண்டினவர்தான். 1918ல அமெரிக்கா போய், ரயில் பாதையில கூலி வேலை பார்த்து, பதினேழு வயசுல சின்னப் பிள்ளைங்களோட ஆரம்பப் பள்ளி பெஞ்சுல உட்கார்ந்து இங்கிலீஷ் கத்துக்கிட்டவர். 1946 பிப்ரவரியில ரேடியோவுல தினம் கால்மணி நேரம் இங்கிலீஷ் பேச்சு நிகழ்ச்சி ஆரம்பிச்சார். இலக்கணம் கிடையாது. காலையில எழுந்திருக்கிறது, பல் விளக்குறது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தா என்ன பேசுறதுன்னு வீட்டுப் பேச்சுதான். தொடக்கப் பாட்டுக்கு, எல்லாக் குழந்தைக்கும் தெரிஞ்ச ஷோஜோஜி கோயில் தனுக்கிப் பாட்டோட மெட்டு. தனுக்கின்னா நரியும் நாயும் கலந்த மாதிரி ஒரு பிராணி. கேட்கிறவங்க ஊர் ஊரா சங்கம் வச்சு, சாயங்காலம் கூடி உட்கார்ந்து அந்த வாக்கியங்களைச் சத்தமா சொல்லிப் பழகினாங்க.