அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகர் பணியின் வரலாறும் முதலியார் குழு அறிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தோன்றிய மாணவர் ஆலோசகர் பணி, தொழில் வழிகாட்டலாகத் தொடங்கித் தேர்வு, தரம்பிரிப்பு, மனநலம், உயர்கல்வி வாய்ப்பு எனப் பல துறைகளுக்கு விரிந்தது. அப்பணி மாணவருக்குத் துணையாக நின்ற இடங்களையும் தடையாக அமைந்த இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய இடைநிலைக் கல்வியில் இக்கருத்து இடம்பெற்றதையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: மாணவர் ஆலோசகர், தொழில் வழிகாட்டல், உளத்தேர்வு, தரம்பிரிப்பு, இடைநிலைக் கல்வி.

முன்னுரை

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவன் அடுத்து எத்துறைக்குச் செல்வது என்னும் வினா, தந்தை தொழிலை மகன் தொடர்ந்த காலத்தில் பெரிதாக எழவில்லை. ஆலைத்தொழில் பெருகி, நகரங்களில் குடியேறிகள் நிறைந்தபோதுதான் அவ்வினா எழுந்தது. அதற்கு விடை கூறும் பொறுப்பைக் குடும்பத்தோடு பள்ளியும் ஏற்றது. இப்பொறுப்பை ஏற்றவரே மாணவர் ஆலோசகர். அவர் மாணவனுக்காகப் பேசுபவரா, நிறுவனத்திற்காக அவனை வகைப்படுத்துபவரா என்பதே இவ்வரலாறு முழுவதும் தொடரும் சிக்கலாகும்.

தோற்றம்

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் உயர்நிலைப் பள்ளி முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெசி டேவிஸ், 1907ஆம் ஆண்டில் ஆங்கில வகுப்புகளிலேயே தொழில் குறித்தும் ஒழுக்கம் குறித்தும் வாரம் ஒரு பாடம் நடத்தச் செய்தார். தனி அலுவலரோ தனி அறையோ அன்று இல்லை. ஆசிரியரே வழிகாட்டியாக இருந்தார்.

1908இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டும் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டே அவர் மறைந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திச் சிந்தித்தல் என்னும் மூன்று படிகளை அவர் வகுத்தார். முடிவை மாணவனே எடுக்க வேண்டும், ஆலோசகர் அவன் சிந்தனைக்குத் துணைநிற்க வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. 1913இல் தேசியத் தொழில் வழிகாட்டல் சங்கம் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் உருவானது.

தேர்வுகளின் செல்வாக்கு

முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட குழு நுண்ணறிவுத் தேர்வுகள், போருக்குப்பின் இதேபோன்ற தேர்வுகள் பள்ளிகளில் பரவ வழிவகுத்தன. மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைக் கல்லூரிப் பிரிவு, தொழிற்பிரிவு எனப் பிரிப்பது எளிதாயிற்று. இதனால் பார்சன்ஸ் வகுத்த முதற்படியாகிய தன்னை அறிதல், பிறர் தன்னை அளத்தலாக மாறியது.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அதன் எதிரொலியாக 1958இல் அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, பள்ளிகளில் உளத்தேர்வுக்கும் வழிகாட்டலுக்கும் ஆலோசகர் பயிற்சிக்கும் நிதி வழங்கியது. திறன்மிக்க மாணவரைக் கண்டறிந்து உயர்கல்விக்கு அனுப்புவதே அதன் நோக்கம். 1959இல் ஜேம்ஸ் கோனன்ட் தம் ஆய்வில், 250 முதல் 300 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் எனப் பரிந்துரைத்தார். ஆலோசகர் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அப்பெருக்கத்தின் காரணம் மாணவனின் தேவை மட்டுமன்று, நாட்டின் தேவையுமாகும்.

எதிர்ப்பும் திருத்தமும்

ஆரோன் சிகுரேல், ஜான் கிட்சூஸ் ஆகிய சமூகவியலாளர் 1963இல் வெளியிட்ட ஆய்வு, யார் கல்லூரிக்கு உரியவர் என்னும் முடிவை மதிப்பெண் மட்டும் தீர்மானிக்கவில்லை என்று காட்டியது. ஆலோசகர் மாணவரைப் பற்றிக் கொண்ட கணிப்பும், குடும்பத்தின் சமூகநிலையும் அம்முடிவில் கலந்திருந்தன. 1968 மார்ச் மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மெக்சிக்க அமெரிக்க மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். கல்லூரிப் பாடங்களுக்கு மாறாகத் தொழிற்பாடங்களுக்குத் தாங்கள் திருப்பிவிடப்படுவது அவர்களின் குறைகளுள் ஒன்றாகும். வழிகாட்ட வேண்டிய பணி வழிமறிப்பதாக மாணவராலேயே உணரப்பட்டது என்பதற்கு இது சான்று.

இத்தகைய விமர்சனங்களுக்குப் பின் அப்பணியை மறுவரையறை செய்யும் முயற்சிகள் வலுப்பெற்றன. 1952இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 2003இல் தேசிய மாதிரி ஒன்றை வெளியிட்டது. இதன்படி ஆலோசனை சிலருக்கு மட்டும் உரிய சேவையன்று, கல்வி, தொழில், சமூக உணர்வு நலன் ஆகியவற்றில் எல்லா மாணவருக்கும் உரியதாகும். மாணவருக்காகப் பரிந்து பேசுதலும் ஆலோசகரின் கடமையாக ஏற்கப்பட்டது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அச்சங்கத்தின் பரிந்துரை.

இந்தியச் சூழல்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் இடைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த கல்வியாளரும் அதில் உறுப்பினராயிருந்தனர். பலதுறைப் பாடங்கள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்த அக்குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலரின் பணி படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கூறியது. இவ்விரு பரிந்துரைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. பல பாடப்பிரிவுகளைத் திறந்துவைத்துவிட்டு, தேர்ந்தெடுக்கத் துணைபுரிவாரை அளிக்காவிடில், கல்வியறிவுள்ள பெற்றோரின் பிள்ளைகளே அவ்வாய்ப்பால் பயனடைவர். முதல் தலைமுறையாகப் பயிலும் மாணவனுக்கு அது பெயரளவிலான வாய்ப்பாகவே நின்றுவிடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஆலோசகரை நியமிப்பது மட்டுமே மாணவருக்குத் துணையாகிவிடாது என்பது புலனாகிறது. மாணவனின் திறனை முன்கூட்டியே முடிவுசெய்து அவனைப் பிரித்தனுப்பும் கருவியாக இருந்தபோது அப்பணி ஏற்றத்தாழ்வை நிலைப்படுத்தியது. அவனோடு அமர்ந்து அவன் அறியாத வாயில்களை அறிவித்து, முடிவை அவனிடமே விட்டபோது அது துணையாயிற்று. தமிழகப் பள்ளிகளில் வழிகாட்டல் பணியைத் திட்டமிடுவோர், எண்ணிக்கையோடு இவ்வேறுபாட்டையும் கருத்திற்கொள்ளுதல் இன்றியமையாதது.