வார்னிஷும் பேனாக்கத்தியும்

மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருகிறார். அவர் வாசித்தது மின்சார வாத்தியம்: கெட்டிக் கட்டை, ஐந்து தனித் தந்திகள். அங்கே ஒலியைப் பெருக்குகிற பொறுப்பு மரத்துக்கு இல்லை. நான் எழுத முற்படுவது, மரமே ஒலித்தாக வேண்டிய எட்டுத் தந்தி மாண்டலின் ஒன்றைப் பற்றி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரின் கிப்ஸன் தொழிற்சாலையில், 1922க்கும் 1924க்கும் இடையில் செய்யப்பட்ட எஃப்-5 என்ற ரகம். இன்று உலகில் கையால் மாண்டலின் செய்கிறவர்களில் பெரும்பாலோர் முன்மாதிரியாக வைத்துக்கொள்வது இதைத்தான். இதைச் செய்தவர் யார் என்று கேட்டால் லாயிட் லோர் என்று உடனே பதில் வரும். இந்தப் பதிலில் எனக்குச் சம்மதமில்லை.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினின் முதுகு, மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டிய ஒரு குடம். கலமசூவில் இருந்த ஆர்வில் கிப்ஸன் அதைத் தூக்கியெறிந்தார். வயலினைப் போல, முன்பலகையையும் பின்பலகையையும் கெட்டி மரத்திலிருந்து குடைந்தெடுக்க வேண்டும், விலாவைக்கூட வளைக்காமல் அறுத்தெடுக்க வேண்டும், வளைத்த மரம் இறுக்கத்திலேயே இருக்கும், ஒலிக்காது என்பது அவர் கட்சி. 1898இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் அவர் பெயரையும் காப்புரிமையையும் வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் தங்கியது, ஆள் தங்கவில்லை. விலாவை வளைக்காதே என்ற கொள்கையையும் கம்பெனி சில வருஷங்களில் கைவிட்டது. வளைப்பது சுலபம், மரமும் மிச்சம். ஆர்வில் 1918இல் நியூயார்க் மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் இறந்தார்.

லோர் 1919இல் வந்து சேர்ந்தார். சங்கீதக்காரர், ஒலியியல் படித்தவர், தச்சர் அல்ல. வட்டத் துளைக்குப் பதில் வயலினில் உள்ளது போன்ற இரண்டு எஃப் துளைகள், நீண்ட கழுத்து, முன்பலகையின் அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டங்கள் என்பவை எஃப்-5இன் புதுமைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, பலகையைத் தட்டிச் சுருதி பார்த்து இழைப்பது.

இந்த இழைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்துண்டைப் பிளந்து, புத்தகம் விரித்தாற்போல் இரு பாதிகளையும் வஜ்ஜிரத்தால் ஒட்டுகிறார்கள். உளி, சிறு இழைப்புளி, கடைசியில் சுரண்டித் தகடு. நடுவில் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர். ஓரத்தை ஒட்டிச் சுற்றிவரும் பள்ளத்தில் மூன்றுக்கும் குறைவு. தொழிற்சாலையாகையால் முரட்டு வெட்டுக்கு இயந்திரம் உதவலாம். கடைசி அரை மில்லிமீட்டருக்கு உதவாது. ஒவ்வொரு மரத்துண்டும் வேறு. ஒன்றுக்குச் சரியான கனம் மற்றதற்குத் தடிப்பு. விரல் கணுவால் தட்டி, கேட்டு, ஒரு சுருள் சீவி, மறுபடி தட்டி, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு சீவல் கூடிப்போனால் மீட்பில்லை.

இந்தத் தீர்மானத்தை நாள்தோறும் எடுத்தவர்கள் தொழிற்சாலையின் தச்சர்கள். அவர்களில், கழுத்துக்குள் எஃகுக் கம்பி வைக்கும் உத்தியைக் கண்டுபிடித்த டெட் மக்ஹ்யூ 1923இல் காப்புரிமை வாங்கியதால் பிழைத்தார். மற்றவர்களை யாருக்கும் தெரியாது. வாத்தியத்துக்குள் ஒட்டிய சீட்டில் இருப்பது லோரின் கையெழுத்து. இன்ன தேதியில் பலகைகளைச் சோதித்து ஒப்புக்கொண்டதாக அது சொல்கிறது. ஆனால் ஒரே தேதி பல வாத்தியங்களில் காணப்படுகிறது. ஒரே மாலையில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் கை எப்படி ஓடும் என்பதைத் தினமும் வங்கியில் பார்க்கிறவன் நான். லோரின் காதைச் சந்தேகிக்கவில்லை. ஒப்புதல் கொடுப்பதும் செய்வதும் ஒன்றாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

செய்தவனின் கை கடைசியாகத் தெரிகிற இடம் பூச்சு. வெற்று மரத்தில் சாயத்தைத் துணியால் தேய்த்து ஏற்றினார்கள். நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகக் கரும்பழுப்பு. ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பது தேய்க்கிறவனின் மணிக்கட்டில் இருந்தது. அதனால்தான் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அதன்மேல் வார்னிஷ், ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, தேய்த்து, மறுபடியும். இதை ஒழித்தது மோட்டார் கார். 1923இல் டூபாண்ட் கம்பெனி ட்யூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த காரின் வர்ணம் ஓரிரு நாளில் முடிந்தது. சில வருஷங்களுக்குள் வாத்தியத் தொழிற்சாலைகளிலும் லாக்கர் பீச்சும் துப்பாக்கி வந்துவிட்டது. லோர் 1924 கடைசியில் விலகினார். எஃப்-5 வியாபாரத்தில் தோல்வி: 200 டாலருக்குக் குறையாத விலை, அதற்குள் மாண்டலின் மோகம் வடிந்து ஜாஸ் குழுக்களில் பாஞ்சோ ஏறியிருந்தது.

1923 ஜூலை 9 தேதியிட்ட ஒன்று நாற்பதுகளில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் விலைக்குக் கிடந்தது. வாங்கியவர் பில் மன்றோ. ப்ளூகிராஸ் என்ற சங்கீத வகையை உண்டாக்கியவர். சன்னமான பார்லர் ராகங்களுக்காகத் திட்டமிட்ட வாத்தியத்தை அவர் கோடாலிபோலப் பிரயோகித்தார். அது தாங்கியது மட்டுமல்ல, அதற்காகவே பிறந்ததுபோல் ஒலித்தது. லோரின் சோதனையில் இது இருந்திருக்க முடியாது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பழுதுபார்க்கக் கம்பெனிக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்தார். கேட்ட வேலை சரியாக நடக்கவில்லை. கேட்காத புதுப் பூச்சு வந்திருந்தது. மன்றோ பேனாக்கத்தியை எடுத்துத் தலைப்பலகையில் முத்துச்சிப்பியில் பதித்திருந்த கிப்ஸன் என்ற பெயரைத் தோண்டியெறிந்தார். முன்னால் இருந்த சுட்டுச்சொல் மட்டும் தனியே நின்றது. பூச்சையும் சுரண்டினார். கோபம்தான். ஆனாலும் ஒரு விமர்சகனின் காரியமாகவே எனக்குப் படுகிறது. 1980இல் கம்பெனியோடு சமாதானமாகிப் பெயரைத் திரும்பப் பதிக்கவிட்டார்.

அந்தச் சுரண்டலுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. இன்று புத்தம்புது மாண்டலினில் தேய்மானத்தைச் செயற்கையாக உண்டாக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். எங்கே கை உரசும், எங்கே வார்னிஷ் உதிரும் என்று கணக்கிட்டு வைத்த தழும்புகள். நம் கவிதைகளில் பரிச்சயமான காரியம்தான்.

1985 நவம்பரில் யாரோ மன்றோவின் வீட்டுக்குள் புகுந்து கணப்பு கிளறும் இரும்புக்கோலால் அந்த மாண்டலினை நொறுக்கினார்கள். முன்பலகை சிலாம்புகளாகச் சிதறியது. கலமசூ தொழிற்சாலை முந்தின வருஷமே மூடப்பட்டு, கம்பெனி நாஷ்வில்லில் இருந்தது. அங்கே சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர், துண்டுகளைப் பொறுக்கிவைத்துக்கொண்டு, உருப்பெருக்கியின் கீழ் இழைக்கு இழை பொருத்தி ஒட்டினார். சில மாதம் பிடித்தது. 1923இல் பெயரில்லாத ஒருவர் சுருள் சுருளாகச் சீவி விட்டுவைத்த கனத்தை, அறுபத்திரண்டு வருஷம் கழித்து இன்னொருவர் சிலாம்பு சிலாம்பாகத் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. 1986 பிப்ரவரியில் மன்றோ அதைக் கையில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. திரும்பவும் அதே வேகத்தில் வாசிக்க ஆரம்பித்தார்.