பெயரில்லாத வெப்பம்

புதுச்சேரி நகரின் நடுவே, நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்த அங்காடிக்கு மூன்று பெயர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் அதனைக் கிராண்ட் பஜார் என்றனர். புதுவையின் முதல் முதலமைச்சராக 1963-இல் பதவியேற்ற எதுவார் குபேர் அவர்களின் நினைவாக அரசினர் அதனைக் குபேர் அங்காடி என்கின்றனர். கூடையும் பையுமாக வரும் நம்மவர்க்கு அது என்றும் பெரிய மார்க்கெட்டுதான். ஓர் இடத்துக்கு இத்தனை பெயர் வழங்கிய ஊரில், அந்த அங்காடியிலே நாள்தோறும் அமர்ந்து மீனும் பூவும் கீரையும் விற்கும் நடுவயது மாதர் படும் ஓர் உபாதைக்கு மட்டும் ஒழுங்கான பெயர் ஒன்று இல்லாமற் போனது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில், திடீரென மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெப்பம் ஏறுகிறது. முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை பெருகுகிறது. சில நிமிடங்களில் அது அடங்க, உடல் குளிர்ந்து நடுங்குவதும் உண்டு. சிலருக்கு நாளுக்கு ஓரிரு முறை வரும். சிலருக்குப் பத்து முறைக்கு மேல். இரவில் வந்தாலோ தலையணை நனைந்துவிடும், உறக்கம் போய்விடும். மீன் பகுதியில் எனக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ள அம்மா ஒருவர், "உடம்புக்குள்ள அடுப்பைப் பத்தவெச்ச மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே, பெட்டியிலிருந்த பனிக்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பிடரியில் வைத்துக்கொண்டார். அது மார்கழி மாதத்துக் காலை வேளை. பக்கத்திலிருந்தவரெல்லாம் போர்த்திக்கொண்டிருந்தனர்.

நம் பழைய நூல்கள் பெண்ணின் வயதைப் பகுத்துப் பெயரிடுவதில் குறை வைக்கவில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களைப் பாட்டியல் நூலார் வகுத்தனர். உலா இலக்கியம் முழுவதும் இந்த எழுவரைக் கொண்டே நடைபெறுகிறது. ஐந்து வயதுப் பேதையில் தொடங்கும் கணக்கு நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. வீதியில் உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்கு அதற்கு மேல் வயது தேவையில்லை என்று புலவர் கருதினர் போலும்! நாற்பத்தொன்றாம் வயதில் அவள் யார் என்று எவரும் சொல்லவில்லை. வைத்திய நூலார் இவ்வகையில் சற்று மேல். மாதவிடாய் பன்னிரண்டு வயதில் தோன்றி ஐம்பதில் ஒழியும் என்று சுசுருத சம்ஹிதை தெளிவாகவே கூறுகிறது. வீடுகளிலோ இது 'சூடு' அல்லது 'பித்தம்' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேரும் நன்னாரியும் சந்தனமும் வாங்கி வந்து சூட்டைத் தணிக்கப் பார்த்தனர். மோரும் இளநீரும் பருகினர். இவற்றைப் பழிப்பதற்கில்லை, வெயில் ஊரில் இவை இதம் தருவன. ஆயினும் சித்திரை வெயிலின் சூடும் இந்தச் சூடும் ஒன்றென்று கொண்டதால், இது தனியாக ஆராயத்தக்க ஒன்று என்னும் எண்ணமே எழாமற் போயிற்று.

பெயர் பாரிஸிலிருந்து வந்தது. 1816-ஆம் ஆண்டில், கர்தான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், நெருக்கடியான வயதில் அடியெடுத்து வைக்கும் மாதருக்கு அறிவுரையாக ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலேயர் வசம் இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்க்கு மீண்டதும் அதே 1816-இல்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1821-இல், அந்நூலின் மறுபதிப்புக்கு அவர் இட்ட தலைப்பில் 'மெனொபோஸ்' என்ற சொல் நின்றது. கிரேக்க மொழியில் 'மென்' என்பது மாதம். 'பௌசிஸ்' என்பது நிற்றல். மாதத்துக்கும் நிலவுக்கும் திங்கள் என்ற ஒரே சொல்லை வழங்கும் நமக்கு அப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும். ஆனால் இந்தச் சொல் அவர்கள் கப்பலில் ஏறி நம் கடற்கரையில் இறங்கியும், கடற்கரையிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள அங்காடிக்கு வந்து சேரவில்லை.

பெயரிட்டவுடன் பிணி தீர்ந்துவிடவும் இல்லை. லண்டனில் எட்வர்ட் டில்ட் என்பவர் 1857-இல் இப்பருவம் பற்றி விரிவான நூல் எழுதினார். பெண்களின் குறைகளைக் கேட்டு அட்டவணையிட்டவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. எனினும் அக்கால வைத்தியம் இரத்தம் எடுத்தலும் பேதி கொடுத்தலும் மயக்க மருந்து ஊட்டலுமாகவே இருந்தது. வெப்பம் வந்தவளைப் பலவீனமாக்கி அமைதிப்படுத்தினர் என்பதே உண்மை.

1929-இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்டும் ஈஸ்ட்ரோன் என்னும் பெண்மைச் சுரப்பைத் தனித்தனியே பிரித்தெடுத்தபோதுதான் காரணத்தின் ஒரு முனை கையில் சிக்கியது. 1942-இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வெப்பம் தணிந்தது, அதில் ஐயமில்லை. அவ்வளவோடு நின்றிருந்தால் நன்று. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், இம்மாத்திரையை உண்டால் பெண்மை என்றும் அழியாது என்று புத்தகம் எழுதி, இயற்கையான ஒரு பருவத்தை ஒரு குறைபாட்டு நோய் என்று பறைசாற்றினார். மருந்துக் கம்பெனிகளின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தமை பிற்காலத்தில் வெளிவந்தது. 1975-இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டவர்க்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் மிகுவதை ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்க்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே தரவேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது.

அதே 1975-இல் நம் நாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்தது. மார்ஷா பிளின்ட் என்ற அமெரிக்க மானிடவியலார் ராஜஸ்தானத்திலும் இமாச்சலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திர மாதரைக் கண்டு பேசினார். மாதவிடாய் நின்றபின் முக்காட்டுக் கட்டுப்பாடு நீங்கி, ஆடவரோடு அமர்ந்து பேசும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் உபாதை எதையும் பெரிதாகச் சொல்லவில்லை என்று எழுதினார். அருமையான ஆராய்ச்சிதான். அதிலிருந்து, 'நம் பெண்களுக்கு இதெல்லாம் இல்லை' என்று பலர் கிளப்பிவிட்ட முடிவுதான் எனக்கு உடன்பாடன்று. சொல்லாமை வேறு, இல்லாமை வேறு. பின்னர் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இந்த வெப்பம் நன்றாகவே தென்பட்டது. இந்திய மாதர்க்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுவதால், மேல்நாட்டாரினும் சில ஆண்டு முன்னதாகவே இது தொடங்கவும் செய்கிறது. 1995-இல் இதற்கென இந்திய மெனோபாஸ் சங்கத்தை மருத்துவர்கள் தோற்றுவித்ததும் ஒன்றும் இல்லாத ஒரு குறைக்காக அன்று.

2002 ஜூலையில் பேரிடி விழுந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த பெரும் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. இருவகைச் சுரப்பும் சேர்ந்த மாத்திரையை உண்ட பதினாயிரம் பெண்களில், ஆண்டுக்கு எட்டுப் பேருக்கு மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது; பக்கவாதமும் அவ்வாறே எட்டுப் பேருக்கு மிகுந்தது. செய்தித்தாள்கள் எட்டு என்னும் எண்ணை விட்டுவிட்டுப் புற்றுநோய் என்னும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டன. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் கைவிட்டனர். மருத்துவர்களும் எழுதித்தர அஞ்சினர். அந்த ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதையும், ஐம்பது வயதுப் பெண்ணின் வெப்பத்தைத் தணிப்பது அதன் நோக்கமே அன்று என்பதையும் நிதானமாக எடுத்துச் சொல்லப் பல்லாண்டு பிடித்தது. அறுபது வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, வேறு தடையில்லாத பெண்ணுக்கு வெப்பம் மிகத் தொல்லை தருமானால் இம்மருந்தால் நன்மையே மிகுதி என்பது இன்று மருத்துவச் சங்கங்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும், இரத்தக் குழாயில் கட்டி உறைந்தவர்க்கும், ஈரல் நோய் உள்ளவர்க்கும் அது ஆகாது. இந்த இரு சாராரையும் பிரித்தறிவதற்கே தேர்ந்த மருத்துவர் வேண்டும்.

இவ்விடத்தில் என் அனுபவத்தைச் சிறிது சொல்வது தவறாகாது. எனக்கு 49 வயதில் இது தொடங்கியது. முதலில் நான் கண்ட மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, "வயசாகுதில்லையாம்மா, பொறுத்துக்குங்க, தானாப் போயிடும்" என்று கூறித் தூக்க மாத்திரை எழுதினார். 'தானாகப் போய்விடும்' என்பதற்கு எத்தனை நாள் கணக்கு? 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அடிக்கடி வெப்பம் காணும் பெண்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டு என்கிறது. ஏழு ஆண்டு உறங்காமல் இரு என்று ஆண்மகன் ஒருவனிடம் எந்த மருத்துவரும் சொல்லத் துணியமாட்டார். இரண்டு ஆண்டு கழித்து மகளிர் நோய் வல்லுநர் ஒருவரை அணுகினேன். அவர் மருந்து எழுதுமுன் அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். நாளுக்கு எத்தனை முறை, இரவிலா பகலிலா, உடல் மெலிந்ததா, இருமல் உண்டா, நின்றபின் மீண்டும் உதிரம் கண்டதா, தாய்க்கோ தமக்கைக்கோ மார்பில் கட்டி உண்டா என்று வரிசையாக வினவினார். இரத்த அழுத்தம் பார்த்தார். தைராய்டுக்குப் பரிசோதனை எழுதினார். மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரே எதற்கு என்றேன். "இரவில் வியர்ப்பதெல்லாம் இந்த வயதின் வியர்வை ஆகிவிடாது, நம் நாட்டில் காசநோயும் இரவில்தான் வியர்க்க வைக்கும்" என்றார். நாடி பிடித்த கையில் இந்த விடை இருக்கவில்லை.

வெப்பம் எழும் விதமும் இன்று பெரிதும் தெளிவாகியுள்ளது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி உடலின் சூட்டைக் காக்கிறது. சிறிதளவு சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். எல்லை கடந்தால்தான் வியர்க்கவோ நடுங்கவோ ஆணையிடும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. ஒரு குவளை சுடு காப்பி போதும். காவற்காரன் பதறிப்போய் மதகுகளைத் திறந்துவிடுகிறான். மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் அப்பகுதியின் சில நரம்பணுக்கள் பருத்திருப்பதை 1990-ஐ ஒட்டி நவோமி ரான்ஸ் என்ற அறிவியலார் கண்டறிந்தார். அவ்வணுக்களின் தூண்டலைத் தடுக்கும் மாத்திரை ஒன்று, சுரப்பு எதுவும் கலவாதது, 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நினைத்துப் பாருங்கள்: கர்தான் பெயரிட்டதிலிருந்து காரணத்துக்கே குறிவைத்த மருந்து வர 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சுரப்பு மருந்து ஆகாதவர்க்கு மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் தருவதும், மனப்பயிற்சி முறைகளும் இதற்கு முன்பே வழக்கில் வந்துள்ளன.

புதுச்சேரியில் உதவி தொலைவில் இல்லை. பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆன நிலையம் கோரிமேட்டில் இருக்கிறது; எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசினர் மகளிர் மருத்துவமனை இருக்கிறது. தடையாக நிற்பது தூரமன்று. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. போய் என்னவென்று சொல்வது என்னும் கூச்சமும் உண்டு. நான் மீன்கார அம்மாவிடம் சொன்னது இதுதான்: வீட்டு நாட்காட்டித் தாளிலே, வெப்பம் வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள்; இரவில் வந்தால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு தாளை மருத்துவரிடம் நீட்டுங்கள், வாயால் ஒன்றும் சொல்ல வேண்டா. எழுதப் படிக்கத் தெரியாதே என்றார். கோடு போடுவதற்கு எழுத்து வேண்டியதில்லை என்றேன். மூன்று வாரம் சென்று அவர் கொணர்ந்த தாளில், ஒரே நாளுக்குப் பதினொரு கோடும் நான்கு வட்டமும் இருந்தன. அந்தத் தாளை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் கூடையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கோரிமேட்டுக்குப் பஸ் ஏறினார்.