மதில் சூழ்ந்த மையவாடி



பாடசாலை நாட்களில் முதலாம் உலகப் போரைப் பற்றி நான் படித்த பாடத்தில் மன்னர்கள் இருந்தார்கள், தளபதிகள் இருந்தார்கள். இந்தியப் படையில் சேர்ந்து சென்ற சுமார் 400,000 முஸ்லிம் சிப்பாய்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை.

அவர்களுள் ஒருவர் குதாதாத் கான். இறைவன் அளித்தவன் என்பது அப்பெயரின் பொருள். பஞ்சாபின் சக்வால் பகுதிக் கிராமமொன்றில் பிறந்தவர். 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி பெல்ஜியத்தின் ஹொலெபெக் என்னுமிடத்தில், பலூச்சிப் படையணியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை எறிகணை சிதைத்தது. பொறுப்பதிகாரி காயமுற்றார். எஞ்சிய துப்பாக்கியை, தம்முடன் நின்ற ஐவரும் மடியும்வரை, காயத்தோடு இயக்கினார் குதாதாத். இறந்துவிட்டார் என்று பகைவர் விட்டுச்செல்ல, இரவில் ஊர்ந்து தம் அணியை அடைந்தார். இந்தியப் படைவீரர் ஒருவருக்குக் கிடைத்த முதலாவது விக்டோரியாச் சிலுவை அவருக்கே உரியது. மடிந்த அந்த ஐவர்? வீரத்தைப் பாடுவோர் அவர்களை எண்ணிக்கையாகவே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாதமே துருக்கியின் கலீபா பிரித்தானியாவுக்கு எதிராக ஜிஹாத் பிரகடனம் செய்தார். இந்தச் சிப்பாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! 1915இல் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். விசுவாசத்தை மட்டும் பேசிவிட்டு இதனை மறைப்பதும் நேர்மையாகாது.

அந்த நெஞ்சைப் பிடிக்கத்தான் இரு வல்லரசுகளும் போட்டியிட்டன. பேர்ளினுக்கு அருகே வுன்ஸ்டோர்ப் கைதிகள் முகாமில் ஜேர்மனியர் 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார்கள். அக்கைதிகளின் குரல்களை இசைத்தட்டுகளிலும் பதிந்தார்கள். வானொலி முன் அமர்ந்திருக்கும் எனக்கு அத்தட்டுகளை நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. பேசியவர்கள் போய்விட்டார்கள், குரல்கள் இன்றும் பேர்ளினில் இருக்கின்றன.

இங்கிலாந்திலோ, முஸ்லிம் வீரர்களின் ஜனாஸாக்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்ற பிரசாரம் பரவியது. அதை முறியடிக்க, வோக்கிங் பள்ளிவாசலுக்கு அண்மையில், ஹோர்செல் பொதுவெளியில், குவிமாட வாயிலும் மதிலும் கொண்ட மையவாடி ஒன்று 1917இல் கட்டிமுடிக்கப்பட்டது. அப்போரில் இறந்தோரில் இருபதுக்கும் குறைவானவர்களே அங்கு அடக்கப்பட்டார்கள். பிரசாரத்துக்குப் பதிலாக எழுந்த கட்டடம்தான். ஆனால் கிப்லாவை நோக்கி உறங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

போர்கள் முடிந்தன; கவனிப்பும் முடிந்தது. மையவாடி சேதப்படுத்தப்பட்டது. 1968இல் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, புரூக்வுட் படைவீரர் மயானத்துக்கு மாற்றப்பட்டன. வெறும் மதில்தான் நின்றது. 2015இல் அந்த இடத்தைப் பூந்தோட்டமாக்கி, அங்கே உறங்கியவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தார்கள்.